கட்டில் கிடைத்தால் கினபாலு!

சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. உயரம் 163.63 மீட்டர். அந்தக் குன்றைப்போல் இருபத்தைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கும் மேலே ஒரு மாடியைக் கட்டினால்தான் சபாவிலுள்ள கினபாலு மலையின் உச்சி தட்டுப்படும். 4,095 மீட்டர்! ஆனாலும் இந்தத் தட்டைத் தீவுக்காரர்களுக்குக் கினபாலு என்றால் ஒரு கிறுக்கு. அலுவலக நண்பர்கள், கோயில் தொண்டூழியர்கள், தேசிய சேவையில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள், ஐம்பது வயதில் திடீரென்று மலைக் காலணி வாங்கியவர்கள் என்று யார் யாரோ கிளம்பிவிடுகிறார்கள்.

மேகத்துக்கு மேலே கையை விரித்து நின்று எடுத்த படங்களை எல்லாரும் பார்த்தாயிற்று. நான் பார்க்க ஆசைப்பட்டது அதற்கு முந்திய கூத்தை. அது முழுக்க முழுக்க நம்மூரில்தான் நடக்கிறது: தேக்காவில், முஸ்தபாவில், பீச் ரோட்டில், அங் மோ கியோ மாடிப்படிகளில். ஒரு குழு என்னையும் கூட உட்கார அனுமதித்தது. “படம் எடுக்காதீங்க, பேரைப் போடாதீங்க, மத்தபடி என்ன வேணும்னாலும் எழுதுங்க” என்பது நிபந்தனை. வாங்க, எட்டிப் பார்க்கலாம்.

முதல் ரகசியம் இது. கினபாலுவுக்கு நாள் குறிப்பது ஜோசியரும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு கட்டில்! மலையின் தோளில், 3,272 மீட்டர் உயரத்தில், பானாலாபான் என்று ஓர் இடம். பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சில தங்குமிடங்கள். அவற்றில் பெரியது லாபான் ராத்தா. சற்றுத் தள்ளிப் பெண்டன்ட் ஹட். ஏறுகிறவர்கள் முதல் நாள் மதியம் அங்கே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, ஈரடுக்குக் கட்டிலில் சுருண்டு, நள்ளிரவு தாண்டி எழுந்து உச்சிக்குப் போகவேண்டும். மலையில் ஒரு நாளைக்கு ஏற விடுவது இருநூறு பேருக்கும் குறைவு. படுக்கை உறுதியானால்தான் பயணம் உறுதி. அதனால் பள்ளி விடுமுறை, நீண்ட வாரயிறுதி என்றால் பல மாதங்களுக்கு முன்பே போட்டி தொடங்கிவிடும்.

நான் போன வெள்ளிக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்பது பேர் இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மடிக்கணினி. அதைச் சுற்றிப் பிராட்டாவும் மீன்கறிக் கிண்ணமும். மடிக்கணினிக்குப் பின்னால் குழுவின் கணக்குப்பிள்ளை. எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஏதோ வில்லங்கம்.

“எட்டுப் படுக்கைதான் இருக்காம்.”

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிராட்டாவைக் கிழித்துக்கொண்டிருந்த கைகள்கூட நின்றுவிட்டன. குழுவில் ஆக மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் சித்தி. அவரை விட்டுவிட்டுப் போவது முடியாத காரியம். ஏனென்றால் திட்டமே அவருடையது! கல்யாணம் நிச்சயமான தம்பி விலகலாமா? அவன் விலகினால் வருங்கால மனைவியும் விலகுவாள், அப்போது ஒரு படுக்கை மீதி. ஜோகூரில் பிறந்த நண்பரை விலக்கலாமா? மலேசியருக்குக் கட்டணம் குறைவு என்பதால் அவர்மேல் ஏற்கெனவே எல்லாருக்கும் ஒரு கடுப்பு. ஆனால் கோத்தா கினபாலுவில் வேன் பேசுவதும், மலாயில் பேரம் பேசுவதும் அவர்தான். அரை மணி நேரம் இந்த நாடகம் ஓடியது. சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்றுகூட ஒருவர் காகிதத்தைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குள் அண்ணன் பக்கத்துத் தங்குமிடத்தில் ஒற்றைப் படுக்கை ஒன்றைப் பிடித்துவிட்டார். உடனே அடுத்த சண்டை: தனியாகப் போய்ப் படுப்பது யார்? சித்தி பிராட்டாவை மென்றுகொண்டே கையைத் தூக்கினார். “நான் போறேன். நீங்க எட்டு பேரும் போடுற குறட்டைக்கு நான் பாறையிலகூடப் படுப்பேன்.”

தீர்ந்தது பிரச்சினை. ஆளுக்கொரு தே தாரே வந்தது. அண்ணன் கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினார். மேசையே கைதட்டியது. பக்கத்து மேசைக்காரர் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து எங்களோடு சேர்ந்து கைதட்டினார்!

படுக்கை கையில் வந்ததும் அடுத்த கவலை குளிர். முப்பத்தொரு டிகிரியில் வியர்த்தபடி பிழைக்கிற நமக்குக் குளிர் என்றால் திரையரங்கின் ஏர்கான்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பானாலாபானில் பகலிலேயே பத்து டிகிரி. பின்னிரவில், காற்று வீசும் உச்சியில், சுழியத்தை ஒட்டி. அதற்கான உடையைப் பூமத்திய ரேகைப் பக்கத்தில் எங்கே தேடுவது?

வேறெங்கே? சையத் ஆல்வி ரோட்டில்! முஸ்தபா கடை கொரோனாவுக்கு முன் 24 மணி நேரமும் திறந்திருந்தது. இப்போது பின்னிரவு 2 மணிவரை. வேலை முடிந்து, சாப்பிட்டு முடித்து, பத்து மணிக்குமேல் மலைச் சாமான் வாங்கக் கிளம்பும் கூட்டத்துக்கு அது போதும். உள்ளே போனதும் ஒன்பது பேரும் ஒன்பது திசையில் காணாமல் போனார்கள். உள்ளாடை வாங்கப் போனவர் பிரஷர் குக்கரோடு திரும்பினார். தலைவிளக்கு தேடியவர் கைக்கடிகாரப் பகுதியில் நின்றார். குரங்குக் குல்லாய் வேண்டுமா என்று ஒரு விவாதம். இளவட்டங்கள் முகத்தைச் சுளித்தார்கள், படத்தில் நன்றாக இருக்காதாம். சித்தி ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டி, கண்ணாடியில் பார்த்து, திருப்தியோடு கூடையில் போட்டுக்கொண்டார். அதிகாலை 3 மணிக்குக் காது விறைக்கும்போது அந்தக் குல்லாய்க்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்க இந்த இளவட்டங்கள் தயாராக இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

முஸ்தபாவில் கிடைக்காதது பீச் ரோட்டில் கிடைக்கும். கோல்டன் மைல் உணவு நிலையத்தில் இருக்கும் ‘ஆர்மி மார்க்கெட்’ தேசிய சேவை செய்த ஒவ்வொரு பையனுக்கும் மனப்பாடம். மழைக்கோட்டு, முதுகுப் பைக்கான உறை, பாதத்துக்குப் போடும் பொடி, கயிறு, சின்னச் சின்னக் கொக்கிகள். பையன்களுக்கு அங்கே போனதும் உற்சாகம் பீறிட்டது. காட்டுப் பயிற்சிக் கதைகள் பொங்கி வழிந்தன. சித்தி பொறுத்துப் பார்த்துவிட்டு, “கதை போதும், கையுறை வாங்கு” என்றார். கையுறை அவசியம்தான். உச்சிப் பாறையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும்.

காலணி விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு. முந்நூறு வெள்ளிக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் நம் ஆட்கள். கினபாலுவின் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் மாட்டிக்கொண்டு ஓடுவதோ ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லப் பெயர் கொண்ட கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் போட்டது. விலை மிக மலிவு, ஈரப் பாறையில் நல்ல பிடிப்பு. அந்தக் காலணியோடு, முதுகில் அரிசியும் எரிவாயுச் சிலிண்டரும் சுமந்து அவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். பானாலாபானுக்கு வாகனச் சாலை கிடையாது. அங்கே நாம் சாப்பிடும் முட்டை, குடிக்கும் தேநீர்த்தூள், படுக்கும் மெத்தை எல்லாமே யாரோ ஒருவர் முதுகில் ஆறு கிலோமீட்டர் ஏறி வந்தவை. “பஃபேயில் அதிக வகை இல்லை” என்று குறை எழுதும் மகராசன்கள் ஒரு தட்டு முட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும்!

சாப்பாடு என்றதும் சித்தியின் தனி இலாகா தொடங்கிவிடுகிறது. தேக்கா சந்தையில் அவர் வாங்கியது: சுக்கு, ஏலக்காய், பனங்கற்கண்டு, எலுமிச்சை. பக்கத்துக் கடையில் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும். வீட்டில் பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கப் போகிறாராம். சந்தையில் விற்கும் சத்துக் கட்டிகளின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல இருக்கறது பூரா நம்ம உருண்டையிலயும் இருக்கு, பல்லுக்கு வேலை மட்டும் கூட” என்று தீர்ப்புச் சொன்னார். நானும் அவர் கட்சி. மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் மூடிய முறுக்குப் பொட்டலம் பலூன்போல உப்பிக்கொள்ளும். உருண்டைக்கு அந்த வம்பெல்லாம் இல்லை.

அழுத்தம் குறைந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பானாலாபான் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரம் பிடிக்கும். பின்னிரவு 2 மணிக்கு உச்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு அதற்கு முன்பே சூடாக ஏதாவது வயிற்றில் விழவேண்டும். அப்படியென்றால் சமையல்காரர் எப்போது தூங்குகிறார்? எனக்குத் தெரிந்து அந்த மலையில் ஆகப் பெரிய வீரர் அவர்தான்.

ஏன் 2 மணிக்கே கிளம்பவேண்டும் என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சபாவுக்கும் சிங்கப்பூருக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் சபா நமக்கு வெகு கிழக்கே. அதனால் அங்கே சூரியன் நம்மைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முந்திக்கொண்டு உதிக்கும். நாம் இங்கே ஏழு மணிக்குக் காப்பியோடு பார்க்கும் விடியல் அங்கே ஆறு மணி வாக்கிலேயே வந்துவிடும். 3,668 மீட்டரில் சாயாட் சாயாட் என்ற சோதனைச் சாவடி இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் அதைத் தாண்டாவிட்டால் உச்சி இல்லை, திரும்பிப் போகவேண்டியதுதான். கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

இனி பயிற்சி. இதுதான் ஆகப் பெரிய கூத்து! மலையில்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படி? மாடிப்படிதான். நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. பானாலாபான்வரை நேர் உயரம் 1,406 மீட்டர். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் ஐந்நூறு மாடி. இருபத்தைந்து மாடி வீவக புளோக்கை இருபது முறை ஏறுவதற்குச் சமம். அது முதல் நாளுக்கு மட்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, அங் மோ கியோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். ஆளுக்கொரு முதுகுப் பை. உள்ளே ஐந்து கிலோ அரிசி மூட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள். பதினான்காம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டி முதல் சுற்றில் முறைத்தார். இரண்டாம் சுற்றில் எந்த வீட்டைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். நான்காம் சுற்றில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஊரின் மலையேற்ற வரலாறே மாடிப்படியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் சிங்கப்பூர் எவரெஸ்ட் குழு 1998 மே 25 அன்று உச்சியைத் தொட்டது. அவர்களும் உயர்ந்த கட்டடங்களின் படிகளில் மூட்டை சுமந்து பழகியவர்கள்தான். 2012இல் எவரெஸ்ட் ஏறிய மருத்துவர் குமரன் ராசப்பன் நம் சமூகத்துப் பிள்ளை. குன்றைக் கண்ட இடத்தில் குமரனைத் தேடும் கூட்டமாயிற்றே நாம்! தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை வெறுங்காலில் பால்குடம் எடுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே மூன்று பேர். பத்துமலையின் 272 படிகளை ஏறாதவர் ஒருவரும் இல்லை. நடைக்கு இவர்களிடம் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. புளோக்கை ஏறி முடித்ததும் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மின்தூக்கியில் இறங்கினார்கள்! அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கினபாலு ஏறும் மலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது இறங்கும் மலை. இரண்டாம் நாள் விடியலில் உச்சியைத் தொட்டுவிட்டு, அன்றைக்கே திம்போஹோன் வரை இறங்கியாகவேண்டும். 2,229 மீட்டர், கிட்டத்தட்ட எண்ணூறு மாடி, ஒரே நாளில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதில்தான் தசை ஆக அதிகமாக நோகும். மின்தூக்கியில் இறங்கிப் பழகிய கால்கள் அங்கே போய்க் கதறும். போதாக்குறைக்கு, பாதை தொடங்கும்போது கார்சன் அருவிவரை கொஞ்சம் இறங்கிவிட்டுத்தான் ஏறத் தொடங்குகிறது. திரும்பும்போது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கையில், கடைசியாக ஓர் ஏற்றம் காத்திருக்கும். மலைக்கும் குறும்பு உண்டு.

அடுத்த ஞாயிறு மின்தூக்கிக்குத் தடை. பதினான்காம் மாடிப் பாட்டிக்கு இரட்டைக் காட்சி!

எல்லாமே கும்மாளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சந்திப்பில் மேசை கொஞ்ச நேரம் அமைதியானது. 2015 ஜூன் 5 காலை அந்த மலையை 6 அளவுகொண்ட நிலநடுக்கம் உலுக்கியது. மாண்ட பதினெட்டுப் பேரில் பத்துப் பேர் சிங்கப்பூரிலிருந்து போனவர்கள். தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியின் மாணவர் எழுவர், ஆசிரியர் இருவர், ஒரு வழிகாட்டி. ஜூன் 8ஐ நாடு நினைவு நாளாக அனுசரித்தது. சித்தி அந்தக் காலத்தில் பணியில் இருந்த ஆசிரியை. “அந்தப் பிள்ளைங்களை நெனச்சுக்கிட்டுத்தான் ஏறுவேன்” என்றார், அவ்வளவுதான். மலையை மீண்டும் திறந்தபோது உச்சிப் பாறைக்குப் புதிய பாதை அமைத்திருந்தார்கள். பழைய மெசிலாவ் வழி அதோடு மூடப்பட்டது.

அந்த மலையைத் தங்கள் முன்னோர் உறையும் இடமாகக் கும்பிடுகிறவர்கள் அங்குள்ள டூசுன் மக்கள். ஆண்டுதோறும் ‘மொனோலோப்’ என்று ஒரு சடங்கு. வெள்ளைக் கோழி, முட்டை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் படைத்து மலையிடம் அனுமதி கேட்கிறார்கள். வெற்றிலை பாக்கு என்று கேட்டதும் குழுவுக்குச் சொந்த ஊர் நினைப்பு. மலையில் கத்தக்கூடாது, கூச்சல் போடக்கூடாது என்று அப்போதே தீர்மானம் போட்டார்கள். இந்தக் குழு அதை எப்படிக் காப்பாற்றப் போகிறது என்பது வேறு விஷயம்.

மிச்சமிருந்தது மருத்துவமும் காப்புறுதியும். பானாலாபானில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. வலுவான ஆளுக்கும் வரும். இன்று மாலை சாங்கியில் விமானம் ஏறி, நாளை இரவே 3,272 மீட்டரில் படுப்பது உடம்புக்கு அதிர்ச்சி. அதனால் இந்தக் குழு இடையில் ஓர் இரவு மலையடிவாரப் பூங்காப் பகுதியில் தங்குவது என்று முடிவெடுத்தது. 1,500 மீட்டர் வாக்கில் ஒரு தூக்கம். கெட்டிக்காரத்தனம். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்கப் போகிறார்கள், வாட்ஸ்அப் மாமாவிடம் அல்ல. காப்புறுதிப் பத்திரத்தை அண்ணன் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் படித்தார். சில பத்திரங்களில் இத்தனை மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். கினபாலு உச்சி 4,095 என்பதால் 4,000 மீட்டர் வரம்புள்ள பத்திரம் கடைசித் தொண்ணூற்றைந்து மீட்டரில் கைவிரித்துவிடும்!

கடைசியாகத் தம்பியின் கவலை சான்றிதழ். உச்சியைத் தொட்டவர்களுக்கு வண்ணச் சான்றிதழ், தொடாதவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. கல்யாண வரவேற்பில் அதைச் சட்டம்போட்டு வைக்கப் போகிறானாம். வருங்கால மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு வண்ணமும் அவனுக்குக் கறுப்பு வெள்ளையும் கிடைத்தால் வைப்பானா என்று கேட்டாள். பதில் வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு என்னிடமிருந்து மூன்றே வார்த்தை. படுக்கையை முதலில் பிடியுங்கள், விமானச் சீட்டைப் பிறகு வாங்குங்கள். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். விடுப்புக்கு எழுதும்போது திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு எம்ஆர்டி நிலையத்தில் மின்படிக்கட்டு பழுதானால் உங்களால் இறங்க முடியாது.